மாப்பிள்ளைக்குப் பல் ஆடுகிறது

எங்கள் அத்தாவுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், பெண்ணின் அண்ணன் கிதிராலி, அத்தாவின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். விளையாட்டுக்கு இல்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குதிரைக்குப் பார்ப்பாரே, அதே மாதிரிதான்.

"ஆடுது," என்றார், விரலைத் துண்டில் துடைத்தபடி.

அத்தா வாயை மூடவே மறந்துவிட்டார். அத்தா என்றால் என்னைப் பெற்ற தகப்பன். பெயர் ஜெக்ஷென், வயது அறுபத்து மூன்று, என் அம்மா போய் ஒன்பது வருஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் புருல், குதிரையும் பனியுமான எங்கள் மலைநாட்டு அத்பாஷி ஊரில் இருபத்திரண்டு வருஷமாகப் பல் டாக்டர். என் கண்ணெதிரே, என் தகப்பன் வாயில், கழுவாத விரலை விட்டு ஒரு குதிரை வியாபாரி நோய் கண்டுபிடிக்கிறார்! என் காது மடல் இரண்டும் சுட்டது.

"தானமாக் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதும்பாங்க," என்றேன்.

"தானமா? யாரு யாருக்குத் தானம் குடுக்கறாங்க டாக்டரம்மா? பொண்ணு குடுக்கறது நான். அப்ப பல்லைப் பாக்கறதும் நான்தான்."

கிதிராலி பேசினால் அவர் வாய்க்குள் வெளிச்சம் தெரியும். போன வருஷம் தலைநகரத்துக்குப் போய், பழைய பின்பற்களை எல்லாம் எடுத்துவிட்டு, தாடை எலும்பில் திருகாணி இறக்கி, மேலே பீங்கான் பல் மாட்டிக்கொண்டு வந்தவர். அன்றிலிருந்து எதிரில் வருகிறவன் வணக்கம் சொன்னாலும் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இங்க பாருங்க. முளைன்னா இது முளை. குதிரையக் கட்டலாம். இழுத்துப் பாருங்க, அசையுதான்னு!"

"அசையாது குதா. அதுதான் அதுல குறை," என்றேன். சம்பந்தியை எங்கள் பக்கம் குதா என்போம். இன்னும் சம்பந்தம் ஆகவில்லை, இருந்தாலும் சொல்லி வைத்தால் நல்லதுதானே.

"அசையாதது குறையா? ஏ அனார்குல், கேட்டியா? டாக்டரம்மா அப்பாவுக்கு ஆடறது நிறை, எனக்கு ஆடாதது குறையாம்!"

அவர் மனைவி அனார்குல் தேநீர் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். மணப்பெண் ஜூராகன் சமையலறை வாசலில் நின்றாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், புருஷன் இல்லாதவள். அத்தா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பால் ஊற்றப் போய்த்தான் இந்த வினை. ஒரு கேன் பாலை ஒரு நாளைக்கு மூன்று தவணையாகக் கொண்டுபோனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒருநாள் பாலே இல்லாமல் வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கே நான் வெள்ளித் தோடு வாங்கிவிட்டேன்.

பெண்ணை நிச்சயம் செய்கிறபோது மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காதில் தோடு போட வேண்டும். எங்கள் பாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அம்மாவாக வரப்போகிறவளுக்கு மகள் தோடு போடுகிற கூத்து ஊரில் எங்கும் நடந்ததில்லை. எனக்கோ அதை நினைத்தாலே கால் தரையில் நிற்கவில்லை. தோடு என் கைப்பையில் இருந்தது. கிதிராலியின் இரண்டு விரல் குறுக்கே வந்து நின்றது.

கோபத்தில் பாடம் நடத்திவிட்டேன். அது என் கெட்ட வழக்கம்.

"குதா, பல்லு எலும்புல ஆணி மாதிரி அடிச்சு நிக்கல. பல்லு வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மூணு முடி மொத்தத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்து பூரா நாரு. எலும்புல ஒரு முனை, வேருல ஒரு முனைன்னு சாய்வாக் கட்டியிருக்கு. பல்லு அதுல தொங்குது. நீங்க கடிச்சீங்கன்னா பல்லு ஒரு இணுக்கு உள்ள எறங்கும், நாரெல்லாம் விறைச்சுக்கும். எலும்பு மேல இடி விழாது, இழுப்பாத்தான் போய்ச் சேரும். நடுவுல கொஞ்சம் நீரு வேற இருக்கு, மெத்தை மாதிரி. அது இல்லேன்னா ஒரு நாளைக்கு நீங்க மெல்லுற மெல்லுக்குத் தாடை என்ன ஆகும்? மலைமேல உங்க கூடாரத்த ஆணி அடிச்சா நிறுத்தறீங்க? கயித்துலதானே கட்டறீங்க? காத்துக்குக் கொஞ்சம் அசையுது, அதனாலதானே நிக்குது?"

கிதிராலி பொறுமையாகக் கேட்டார். தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"கூடாரத்துக்கு நான் பொண்ணு குடுக்கல," என்றார்.

வீடே சிரித்தது. அத்தாவும் சேர்ந்து சிரித்தார், அதுதான் எனக்கு ஆத்திரம். கடைசியில் கிதிராலி தீர்ப்புச் சொன்னார்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து விருந்து சாப்பிடுங்கள், சாப்பிடுகிற அழகைப் பார்த்துச் சொல்கிறேன். பல் ஆடுகிற குதிரை புல்லை மெல்லாது, மெல்லாத குதிரை அடுத்த பனியைத் தாண்டாது, தங்கச்சியை இரண்டாவது தடவை விதவையாக்க அவர் தயாராக இல்லை.

அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மனுஷன் கெட்டவர் இல்லை என்று அப்போதே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

வீட்டுக்கு வருகிற வழியிலேயே அத்தாவைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் சாய்த்தேன். ஏனென்றால் கிதிராலிக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் அத்தாவின் அந்தப் பல் உண்மையாகவே ஆடியது. முப்பது வருஷம் உதட்டுக்கடியில் பொடி அடக்கி அடக்கி ஈறு கெட்டுப்போய், பல்லைச் சுற்றி எலும்பு ஒரு பக்கம் கொஞ்சம் கரைந்திருந்தது. நான் மூன்று மாதம் பல்லில் படிந்த காறையைச் சுரண்டிச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். அத்தா பொடி டப்பாவைத் தூக்கி ஆற்றில் எறிந்தார். என் பேச்சைக் கேட்டு எறிந்ததாக நினைத்துப் பெருமைப்பட்டேன். பள்ளிக்கூடத்துச் சமையல்காரிக்குப் பொடி வாசனை பிடிக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

"அத்தா, வாயைத் திறங்க."

"ஏன், நீயும் ஆட்டிப் பாக்கப் போறியா? ஊருக்கே குடுத்துட்டேன், நீயும் பாத்துக்கோ."

இரண்டு கருவியின் காம்பால் பல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினேன். ஈறு இறுகியிருந்தது, ரத்தம் இல்லை. அசைவு கொஞ்சம் இருந்தது, ஆனால் உயிருள்ள பல்லுக்கு இருக்க வேண்டிய அளவுதான். பட்டாணிக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரிந்த விரல் கிதிராலிக்கு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல அசைவுக்கும் நோய் அசைவுக்கும்தான் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அத்தா. சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கு. ஆனா அந்தப் பக்கம் கல்லு கில்லு கடிச்சுத் தொலைக்காதீங்க."

"நான் எதுக்குக் கல்லைக் கடிக்கப் போறேன்?"

சனிக்கிழமை மத்தியானம் அனார்குல் போன் செய்தாள். குசுகுசுவென்று பேசினாள்.

"டாக்டரம்மா, உங்க குதா ஒரு காரியம் சொல்லியிருக்காரு. நாளைக்கு சுச்பாராவுல மாப்பிள்ளைக்குப் போறதுல ஒரு ஆத்துக் கல்லு வைக்கணுமாம். பல்லு உறுதியா இருந்தா நிக்கும், இல்லேன்னா எல்லார் முன்னாடியும் கையில வந்துடும்னு சொல்றாரு."

சுச்பாரா என்பது இறைச்சி வைத்துப் பிடித்த சின்னக் கொழுக்கட்டை. சம்பந்தி விருந்தில் ஒன்றிரண்டில் உப்பையோ மிளகாயையோ அடைத்து வைத்து ஆளைக் கேலி செய்வது பழைய வழக்கம்தான். எங்கள் ஊரில் சம்பந்திக்குப் பாவாடை கட்டிவிட்டு ஆடவிடுவார்கள், முகத்தில் மாவு பூசுவார்கள், கோபித்துக்கொண்டால் மானம் போச்சு. ஆனால் கல்?

"நீ வச்சுடாதடி!"

"வைக்கலேன்னா கல்லுக்குப் பதிலா என்னை வச்சுருவாரு. ஒண்ணு பண்றேன். கல்லு இருக்கறதுக்கு ஓரத்துல ரெட்டை மடிப்பு போடறேன். நீங்க பாத்து எடுத்துக்கோங்க."

அத்தாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. சொன்னால் அவர் ஒவ்வொரு கொழுக்கட்டையையும் கண்ணி வெடியைப் போலப் பார்ப்பார், கிதிராலி அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். என் தகப்பன் முகத்தில் பொய் ஒரு நிமிஷம் தங்காது. வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு போன மனுஷன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிதிராலி வீட்டில் தட்டு வந்தது. பெரிய வட்டத் தட்டு, நடுவில் மலை மாதிரி சுச்பாரா, மேலே வெங்காயம், மிளகு, ஆவி. நான் குனிந்து பார்த்தேன். வெந்த பிறகு எல்லாம் ஊதிப்போய் எல்லாமே ரெட்டை மடிப்பாகத் தெரிந்தது! அனார்குலைப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

வேறு வழி? அத்தா பக்கம் சந்தேகமாகத் தெரிந்ததை எல்லாம் நானே எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஒன்று, இரண்டு, ஆறு, பத்து. மெதுவாக, பூனை நடப்பது மாதிரி மென்றேன். கல் இல்லை.

"டாக்டரம்மா வீட்டுல ரொம்ப நாளா அடுப்பு எரியலையோ?" என்றார் கிதிராலி.

"அத்தாவுக்குக் கல்யாணம் ஆனாத்தான் எங்க வீட்டுல சோறு. அதுக்குத்தான் வந்திருக்கோம்," என்றேன் வாய் நிறைய.

பதினாறாவது கொழுக்கட்டையோடு என் வயிறு கதவைச் சாத்திவிட்டது. பதினேழாவதுக்குக் கை நீட்டுவதற்குள் அத்தா அதை எடுத்து வாயில் போட்டார். இடது பக்கம். அதே பல்லுக்கு. கிதிராலியின் கண்கள் அத்தாவின் தாடையில் ஒட்டிக்கொண்டன. நான் என் பற்களையே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தா மென்றார். ஒருதடவை, இரண்டு தடவை. மூன்றாவது பாதியில் தாடை நின்றது.

அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. எனக்குக் கத்தத் தோன்றியது. அந்த நார்களுக்கு நடுவில் நரம்பு இருக்கிறது. மாவுக்குள் ஒரு மணல் இருந்தால்கூட, மனுஷனுக்கு இன்னதென்று தெரிவதற்கு முன்னாலேயே அது தாடைக்கு 'நில்' என்று சொல்லிவிடும். முழுப் பலமும் விழுவதற்குள் வாய் விட்டுக்கொடுத்துவிடும். இருபத்திரண்டு வருஷம் பிறத்தியார் வாயில் அதைப் பார்த்தும் படித்தும் இருக்கிறேன். அன்றைக்கு என் தகப்பன் தாடை நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய கருணை என்று தெரிந்தது.

அத்தா நாக்கால் துழாவி, பருப்பளவு கறுப்புக் கல்லை எடுத்து விரிப்பில் வைத்தார். மீதியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"குதா, உங்க வீட்டு மாவுல நரின் ஆறே ஓடுது போல. மீன் எப்ப வரும்?"

சிரிப்பு வெடித்தது. அனார்குல் கரண்டியைக் கீழே போட்டாள். கிதிராலிக்குத் தோல்வியை மறைக்க வேறு வழி தெரியவில்லை, எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்துக்கொண்டே ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டு, அதே வேகத்தில் ஒரே கடி.

டக்.

நல்ல காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். கிதிராலி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையில் துப்பினார். ஒரு கறுப்புக் கல், அதற்குப் பக்கத்தில் பளபளவென்று பாதிப் பீங்கான் பல்.

"அனார்குல்!"

"நீங்க ஒண்ணுதான் வைக்கச் சொன்னீங்க," என்றாள் அவள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "சம்பந்தி விருந்துல ஒரு பக்கத்துக்கு மட்டும் கேலி வைக்கறது முறையான்னு தோணிச்சு. ரெண்டாப் போட்டேன்."

நான் எழுந்து போன் விளக்கைப் போட்டு அவர் வாயைத் திறக்கச் சொன்னேன். இந்தத் தடவை விரல் என்னுடையது. கழுவிவிட்டுத்தான்.

"முளைக்கு ஒண்ணும் ஆகல குதா, மலை மாதிரி நிக்குது. மேல மாட்டின தொப்பிதான் ஒடைஞ்சிருக்கு. திங்கக்கிழமை வாங்க, வேற செஞ்சு தரேன்."

"எனக்கு ஏன் கல்லுன்னே தெரியல?" என்றார். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது."

"சொல்றதுக்கு அங்க நாரு இல்லையே. திருகாணி நேரா எலும்புல நிக்குது. நல்ல வேலைதான், நானே பத்துப் பேருக்கு வச்சிருக்கேன். ஆனா அதுக்கு வாய் இல்லை. நீங்கதான் பாத்து மெல்லணும்."

கிதிராலி கொஞ்ச நேரம் உள்ளங்கையில் இருந்த துண்டைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் பயந்துவிட்டேன். அவர் மறுபடியும் அத்தாவின் வாய்க்கு விரலை நீட்டினார். அத்தாவும், என்ன மனுஷனோ, மறுபடியும் திறந்தார். கிதிராலி அதே பல்லைத் தொட்டார். லேசாக அழுத்தினார்.

"ஆடத்தான் செய்யுது," என்றார். "ஆனா நிக்குது. கடைவாய்ப் பல்லை நிலாவுல தீட்டின ஆளுப்பா இவரு!"

எங்கள் மொழியில் ஒரு ஆண்பிள்ளையின் வீரத்தை இதற்கு மேல் புகழ இடமில்லை. அத்தா காதுவரை சிவந்தார். யாரோ என் முதுகில் தட்டினார்கள், யாரோ மாவை எடுத்து என் மூக்கில் பூசினார்கள், அனார்குல் சீட்டி அடித்தாள். நான் தோட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். சந்தோஷத்தில் தலை சுற்றுகிறதா, பதினாறு கொழுக்கட்டையா என்று தெரியவில்லை.

"பொண்ணு எங்க? ஜூராகன்! வா இங்க!" என்றார் கிதிராலி.

ஜூராகன் சமையலறையிலிருந்து வந்தாள். கை இரண்டையும் முன்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம் பைக்கே," என்றாள் அண்ணனிடம்.

சீட்டி பாதியில் நின்றது.

"என்ன வேண்டாம்? நான் சரின்னு சொல்லிட்டேனே!"

"நீங்க ரெண்டு ஞாயித்துக்கிழமையா அவரு பல்லையே பாத்தீங்க. டாக்டரம்மாவும் அவரு பல்லையே பாத்தாங்க. என் வாயை யாராவது பாத்தீங்களா?"

முன்துணியின் ஓரத்தால் வாயை மூடினாள். திரும்பி என்னமோ செய்தாள். துணியை எடுத்தபோது அவள் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. கையில் மேல்செட்டும் கீழ்செட்டும் இருந்தன. ஒரு பல்கூட இல்லை. இந்தப் பக்கத்து வாய் எல்லாம் என் கணக்கில் என்று திமிராக இருந்தவள், எனக்கு எதிரே நின்ற வாயைப் பார்க்கவில்லை. வாயை அதிகம் திறக்காமல் பேசுகிறாளே, எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"புருஷன் செத்த வருஷத்துலயே பல்லெல்லாம் போயிடுச்சு. நரின் டவுனுக்குப் போயிச் செட்டுக் கட்டிக்கிட்டேன்," என்றாள். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் குழைந்தன. "கறி மெல்ல முடியாது. அப்பத்தைப் பால்ல ஊறவச்சுத்தான் தின்பேன். இவரு கல்லு மெல்லுறவரு. நாளைக்குத் தெரிஞ்சு மூஞ்சியத் திருப்பிக்கறதுக்கு, இன்னிக்கே தெரியட்டும்."

கிதிராலி தன் உடைந்த பல்லைக் கைக்குள் மூடிவைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் அத்தாவைப் பார்க்கப் பயந்துகொண்டு பார்த்தேன்.

அத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலில்லாத கேனோடு அன்றைக்குக் கிளம்பினாரே, அப்போது முகத்தில் இருந்ததைவிட இப்போது இன்னும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது முகம்.

"அப்ப என் பால் எல்லாம் நீதான் குடிச்சியா?" என்றார். "நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க குடிக்குதுன்னு இல்ல நினைச்சேன்!"

ஜூராகன் முறைத்தாள். முறைக்க முறைக்கவே அவள் வாய் கோணியது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். உள்ளே சிவப்பு ஈறு மட்டும் தெரிகிற சிரிப்பு. அத்தா இரண்டு கையாலும் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு இருக்கே பல்லு! ஒரு வீட்டுல எத்தனை பேருக்குப் பல்லு வேணும்?"

ஜூராகன் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். சந்தையில் விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"இவருக்குச் சொந்தப் பல்லு மொத்தம் எத்தனை?"

"இருபத்தாறு," என்றேன்.

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். செட்டை முன்துணிப் பையில் போட்டுக்கொண்டு, தலைத்துணியை ஒதுக்கி, காதை என் பக்கம் நீட்டினாள்.

"ஆளுக்குப் பதிமூணு. போதும். மாட்டி விடு, மகளே."